நிறத்துக்கு முன்னால் தகடு

வட அமெரிக்காவின் நன்னீரில் தூண்டில் போடுகிறவர்களை அதிகம் காக்க வைக்கிற மீன் மஸ்கி. மஸ்கலஞ்ச் என்பது முழுப்பெயர். பைக் மீனின் பெரிய உறவு. விஸ்கான்சின் மாநிலம் 1955இல் இதைத் தன் மாநில மீனாக ஏற்றுக்கொண்டது. மினசோட்டா, மிச்சிகன், ஒன்டாரியோ, செயின்ட் லாரன்ஸ் ஆறு என்று பரந்த வட்டாரத்தில் வாழ்ந்தாலும் எண்ணிக்கையில் மிகக் குறைவு. நல்ல மஸ்கி ஏரி என்று பெயர் வாங்கிய இடத்தில்கூட ஏக்கருக்கு ஒரு வளர்ந்த மீன் தேறுவது அரிது. பத்தாயிரம் முறை வீசினால் ஒரு மீன் என்ற பேச்சு அங்கே பிறந்தது இதனால்தான். ஏரிகள் உறைந்து கிடக்கும் மாதங்களில் இந்த மீனுக்கான செயற்கை இரையை வீட்டு மேசையிலேயே செய்துகொள்கிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்யப்படுகிறவற்றில் பக்டெயில் பழையது, இன்றைக்கும் யாரும் கைவிடாதது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்று, அதில் கோத்த பித்தளை எடையும் மணிகளும், முன்பக்கம் சுழலும் உலோகத் தகடு, பின்பக்கம் மான்வால் முடியோ மின்னும் மைலார் இழையோ கட்டிய மும்முனைத் தூண்டில் முள். இவ்வளவுதான் அதன் உறுப்புகள். இவற்றில் எதை முதலில் முடிவு செய்வது என்பதில்தான் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபடுகிறது.

பெரும்பாலானவர்கள் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். கருப்பு வாலுக்கு ஆரஞ்சுத் தகடா, வெள்ளை வாலுக்கு நிக்கல் தகடா, பெர்ச் மீனின் பச்சை மஞ்சளா என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. கடைகளும் இப்படித்தான் பழக்கியிருக்கின்றன. ஒரே தகடு, ஒரே எடை, ஒரே முள். நிறம் மட்டும் இருபது முப்பது வகை. விற்கிறவருக்கு அது வசதி. தகட்டின் வடிவத்தை மாற்றினால் கம்பியின் நீளம், எடை, வாலின் அடர்த்தி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நிறத்தை மாற்றுவதற்குச் சாயம் மட்டும் போதும். வீட்டில் செய்கிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நிறத்தை ஒன்றில் நிறுத்திவிட்டுத் தகட்டை மாற்றிப் பார்க்க அவரால் முடியும். அந்த வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடையின் அலமாரியையே மறுபடி மேசையில் செய்துவைப்பது வீண் உழைப்பு. பக்டெயிலின் குணத்தைத் தீர்மானிப்பது தகட்டின் வடிவமும் அளவும்தான். நிறம் அதற்குப் பிறகு வருகிறது. வந்தாலும் வெளிச்சமா இருட்டா என்ற அளவில்தான் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

தகடுகள் எப்படிச் சுழல்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். கொலராடோ என்ற தகடு ஏறக்குறைய வட்டமானது. கம்பியிலிருந்து சுமார் 50 டிகிரி விலகி, அகன்ற வட்டம் போட்டு, மெதுவாகச் சுழலும். வில்லோ லீஃப் நீண்டு ஒடுங்கியது. சுமார் 25 டிகிரிதான் விலகும், கம்பியை ஒட்டியபடி வேகமாகச் சுழலும். இந்தியானா இரண்டுக்கும் நடுவே. பிரெஞ்சுத் தகடு நடுவில் குமிழாகப் புடைத்து ஓரத்தில் தட்டையாக இருக்கும். மெப்ஸ் நிறுவனத்தின் மஸ்கி கில்லரில் இருப்பது இந்த வகை. மெதுவாக இழுத்தாலும் அது சட்டென்று சுழலத் தொடங்கிவிடும். இந்தக் கோண வேறுபாடு பார்வைக்குச் சிறியதுதான். நீருக்குள் அதன் விளைவு மிகப் பெரிது. கொலராடோ தகடு காற்றுக்கு எதிரே விரித்த குடையைப் போல நீரைத் தடுத்து நிற்கும். அந்தத் தடை மீன்பிடிப்பவரின் கைக்கு இழுவையாகவும் மீனின் உடம்புக்கு அதிர்வாகவும் போய்ச் சேரும். அதே தடை இரையை மேலே தூக்கவும் செய்யும். ஆகவே ஒரே எடையில், ஒரே வேகத்தில் இழுத்தால் கொலராடோ மேலாக ஓடும், வில்லோ கீழே இறங்கி ஓடும். நீரின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், பெரிய கொலராடோவைக் கொஞ்சம் வேகமாக இழுக்க நினைத்தாலும் கை அதைப் பெரிய வித்தியாசமாக உணரும். தகட்டைத் தேர்ந்தெடுத்த நொடியிலேயே அந்த இரை எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் ஓடும், அதை ஒருவர் எத்தனை மணி நேரம் வீச முடியும் என்ற மூன்றும் முடிவாகிவிடுகின்றன. எந்தச் சாயமும் இந்த மூன்றில் ஒன்றையும் மாற்றாது.

இனி மீனின் பக்கம். மஸ்கியின் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஆறு முதல் ஒன்பது வரை சிறு துளைகள் இருக்கும். பைக் மீனுக்கு ஐந்து அல்லது அதற்கும் குறைவு. இரண்டையும் பிரித்தறிய மீன்வளத் துறையினர் இந்தத் துளைகளைத்தான் எண்ணுவார்கள். அவை பக்கக்கோட்டு உணர்வுறுப்பின் பகுதி. உடல் நெடுகவும் தலையிலும் ஓடும் இந்த உறுப்பு, அருகில் நீர் அசைவதை உணர்கிறது. மெதுவான அதிர்வுகளுக்குத்தான் அது கூர்மையானது; பெரிய தகட்டின் துடிப்பு அந்த எல்லைக்குள் நன்றாகவே அடங்கும். ஜான் நியூவும் உடன் ஆய்வாளர்களும் மஸ்கி இரையைப் பாய்ந்து பிடிக்கும் விதத்தை ஒளிப்பதிவு செய்து 2001இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இரையை முதலில் கண்டுகொள்வது கண்ணால். எப்போது பாய்வது என்று தீர்மானிப்பதில் கண்ணுக்கும் பக்கக்கோட்டுக்கும் பங்கு உண்டு. கடைசி நொடியில் கவ்வுவதற்குப் பக்கக்கோடு முக்கியமாக இருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. பார்வை மறைக்கப்பட்ட மீன் இரையைப் பின்தொடரவில்லை. ஆனால் மிக அருகில் வந்ததைப் பாய்ந்து தாக்கியது.

இதையே எனக்கு எதிராகவும் வாதிடலாம். கண்தான் முதலில் என்றால் நிறம்தானே முதலில் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆய்வு தெளிந்த நீரில், சிறு மீனை இரையாகக் கொடுத்து நடந்தது. விஸ்கான்சினின் வடபகுதியில் பல ஏரிகளின் நீர் சதுப்பு நிலத்திலிருந்து கசிந்து தேநீர் நிறத்தில் இருக்கும். கோடையில் பாசி படர்ந்தால் பல ஏரிகள் பச்சையாகக் கலங்கும். அங்கே மஸ்கி ஒளிந்திருப்பது அடர்ந்த நீர்த்தாவரங்களின் நடுவே. பார்வை எட்டும் தூரம் அங்கே சுருங்கிவிடுகிறது. அதோடு, கண் முதலில் கண்டுகொள்வது அசைவையும் ஒளியின் வெட்டையும். ஆரஞ்சா மஞ்சளா என்ற நுணுக்கம் அதற்குப் பிறகுதான். அசைவும் வெட்டும் பிறப்பது தகட்டின் வடிவத்தில். ஆகவே அந்த ஆய்வை ஏற்றுக்கொண்டே என் வாதத்தில் நிற்க முடிகிறது.

தொழிலின் வரலாறும் இதே பக்கம் சாய்கிறது. ஜூலியோ பியூல் கரண்டி வடிவ உலோக இரைக்கு 1852இல் காப்புரிமை வாங்கினார். செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் கிளேட்டன் என்ற ஊரில் இருந்த ஸ்கின்னர், நெளிவரி போட்ட தகட்டுக்கு 1874இல் காப்புரிமை பெற்றார். மஸ்கி பிடித்தவர்கள் அதை நெடுங்காலம் நம்பி வீசினார்கள். இவர்கள் காத்துக்கொள்ள நினைத்தது வடிவத்தை. அண்மைக் காலத்தில் இன்னும் தெளிவான சான்று கிடைத்தது. நெடுநாள் வரை மஸ்கி பக்டெயில் என்றால் 5 முதல் 8 வரையிலான எண்ணுள்ள ஒற்றைத் தகடுதான் வழக்கம். 2000களின் நடுவில் மஸ்கி மேஹெம் நிறுவனத்தின் டபுள் கௌகேர்ள் பரவியபோது 10ஆம் எண் கொலராடோ தகடுகள் இரண்டு ஒரே கம்பியில் ஏறின. மினசோட்டாவிலிருந்து அது எல்லா மஸ்கி ஏரிகளுக்கும் போனது. பெரிய தகட்டின் இழுவையைத் தாங்க மக்கள் ரீலையும் கோலையும் மாற்றினார்கள். கருப்பு வாலும் நிக்கல் தகடும் அதற்கு வெகு முன்பே எல்லோரிடமும் இருந்த சேர்க்கை. புதிதாக வந்தது தகட்டின் அளவும் எண்ணிக்கையும். மைலார் வாலும் கூடவே வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பழைய ஒற்றைத் தகட்டில் மைலார் வால் கட்டியதற்காக யாரும் புதிய ரீல் வாங்கவில்லை.

நிறத்தை நம்புகிறவர்களின் வலுவான வாதம் அனுபவம். இந்த ஏரியில் கருப்பு ஆரஞ்சுதான் எடுக்கும், அந்த ஏரியில் வெள்ளைதான் எடுக்கும் என்று ஊருக்கு ஊர் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் மீன் பிடித்தது உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் கோளாறு. கருப்பு ஆரஞ்சு எடுக்கும் என்று கேள்விப்பட்டவர் நாள் முழுக்க அதையே வீசுகிறார். மாலை வெளிச்சம் மங்கும் நல்ல வேளையிலும் அதுதான் நூலில் இருக்கிறது. மீன் கடித்தால் அந்த நிறத்துக்குப் பெயர் கூடுகிறது. வீசப்படாத நிறம் மீன் பிடிக்க வழியில்லை. நாளுக்கு நூறு மீன் கடிக்கும் இடமாக இருந்தால் இரண்டு நிறங்களை மாற்றி மாற்றி வீசி ஒப்பிடலாம். ஒரு பருவம் முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவில் மீன் கிடைக்கும் தொழிலில், நிறத்தின் நுணுக்கம் பற்றிய எந்தக் கணக்கும் நிற்காது. வடிவத்துக்கும் இதே குறை பொருந்தாதா என்று கேட்கலாம். பொருந்தும், கடியின் எண்ணிக்கையை மட்டும் சான்றாகக் கொண்டால். ஆனால் வடிவத்தைச் சோதிக்க மீனே தேவையில்லை. எந்த வேகத்தில் சுழலத் தொடங்குகிறது, எந்த வேகத்தில் நிற்கிறது, எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது, நீர்த்தாவரத்தின் தலையை உரசிப் போகிறதா அதில் சிக்குகிறதா என்பதையெல்லாம் படகிலிருந்து கண்ணாலும் கையாலும் அறியலாம். வடிவத்தில் கிடைக்கிற அறிவு சேர்ந்துகொண்டே போகும். நிறத்தில் கிடைப்பது நம்பிக்கையாகவே நின்றுவிடும்.

நிறத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மிச்சிகனுக்கும் ஒன்டாரியோவுக்கும் நடுவிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் 1988இல் வரிக்குதிரைச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அது பெருகி நீரை வடிகட்டியதில் ஏரி தெளிந்தது, வெளிச்சம் அடிவரை போய் நீர்த்தாவரங்கள் படர்ந்தன. அப்படிப்பட்ட நீரில் மீன் தொலைவிலிருந்தே பார்க்கிறது, நெடுநேரம் பார்க்கிறது. அங்கே நிறத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பது மடமை. அங்கும் எது எப்படித் தெரியும் என்பதை நீரின் இயல்பை வைத்தே யோசிக்க வேண்டும். தெளிந்த நீரில் சிவப்பு சீக்கிரம் மங்கும். பச்சையும் நீலமும் ஆழம் வரை போகும். தேநீர் நிற நீரில் இது தலைகீழ். நீலம் முதலில் அழிந்து, ஆரஞ்சும் சிவப்பும்தான் மிஞ்சும். செம்புத் தகடும் பொன்முலாம் பூசிய தகடும் அத்தகைய ஏரிகளில் பெயர் வாங்கியதற்கு இந்த இயற்பியலே போதுமான காரணம். நிக்கல் முலாம் கண்ணாடியாக வேலை செய்யும். சுற்றிலும் வெயில் இருந்தால் பளீரென்று வெட்டும். சுற்றிலும் இருட்டாக இருந்தால் அந்த இருட்டையே காட்டும். இரவில், கீழிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானத்தின் மங்கிய ஒளியில் நிழலுரு மட்டுமே தெரியும். அப்போது கருப்பே போதும். எனவே பளபளப்பு, செம்பு பொன் போன்ற உலோக நிறம், கருமை என்ற மூன்று வகை தகட்டுக்குப் போதுமானது. நான்காவதாக ஒளிரும் ஆரஞ்சையோ பச்சை மஞ்சளையோ சேர்ப்பதை, கலங்கிய நீருக்காக ஏற்கலாம். அதற்கு மேல் செய்வதெல்லாம் செய்கிறவரின் ஆசைக்கு. ஆசையைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் நிறக்காரர்கள் கவனிப்பதில்லை. தகடு சுழல்கிறது. அதில் பெர்ச் மீனின் பட்டைகளையும் செதில்களையும் பொறுமையாக வரைந்தாலும், ஓட்டத்தில் அவை கலந்து ஒரு மங்கலான நிறமாகத்தான் தெரியும். பட்டையும் புள்ளியும் நிலைத்து நிற்கும் இடம் வால். வரைவதில் ஆசையுள்ளவர்கள் தங்கள் உழைப்பை வாலின் இழைகளில் செலவிடட்டும். தகட்டுக்கு ஒரே நிறம் போதும். அதை எந்தப் பக்கம் பூசுவது என்பது அதைவிட முக்கியம். தகட்டின் குழிந்த பக்கம் கம்பியையும் வாலையும் நோக்கித் திரும்பியிருக்கும். புடைத்த பக்கம் முன்னும் வெளியும் பார்க்கும். மஸ்கி பெரும்பாலும் பின்னாலிருந்து தொடர்ந்து வரும் மீன். அதன் கண்ணில் படுவது குழிந்த பக்கம். கடையில் பூச்சு மினுங்குவதோ, வாங்குகிறவர் பார்க்கும் புடைத்த பக்கத்தில். ஒரு பக்கம்தான் பூசுவது என்றால் குழியில் பூசுங்கள், வெளியே உலோகத்தை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் வரும் மீனுக்கு உலோகமும் நிறமும் மாறி மாறித் தெரியும், பின்னால் வருவதற்கு நிறம் தெரியும். இதிலும் வடிவம் குறுக்கிடுகிறது. கொலராடோ அகல விரிவதால் வாலுக்கு வெளியே தெரிகிறது. வில்லோ கம்பியை ஒட்டி ஓடுவதால் அடர்ந்த வாலின் பின்னால் பாதி மறைந்துவிடும். வில்லோ போட்டால் வாலை மெலிதாகக் கட்டுவது இதற்காகவும்தான்.

பூச்சு தடித்தால் தகடே மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். தூள் பூச்சை, தகட்டைச் சூடாக்கித் தோய்த்து, பிறகு அடுப்பில் சுமார் 175 டிகிரி செல்சியஸில் கால்மணி நேரம் வேகவைத்து இறுக்குவார்கள். உறுதியானது, கல்லில் பட்டாலும் எளிதில் உரியாது. ஆனால் இரண்டு மூன்று தடவை ஏற்றினால் குழி நிரம்பும், ஓரம் மழுங்கும், தகட்டைக் கம்பியில் மாட்டும் வளைவான கிளெவிஸ் நுழையும் துளை அடைபடும். அந்தத் தகடு சுழலத் தொடங்கத் தாமதிக்கும். இரட்டைத் தகட்டில் ஒன்று ஓடி மற்றொன்று திணறும். துளையைச் சுற்றிப் பூச்சு படாமல் காப்பதும், பூசியபின் துளையைத் துடைத்துத் திறப்பதும் வண்ணத் தேர்வைவிட அவசியமானவை. மெல்லிய நகப்பூச்சு இந்தக் காரணத்தால் இன்றைக்கும் பலருடைய மேசையில் இருக்கிறது. உரிந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். தகட்டின் ஓட்டம் கெடுவதில்லை.

படகருகே நடப்பதை வைத்தும் தகட்டை எடைபோட வேண்டும். மஸ்கி படகு வரை தொடர்ந்து வந்து, கடைசியில் கோலின் நுனியை நீருக்குள் விட்டு 8 வடிவில் இரையைச் சுழற்றும்போது கடிப்பது இந்த மீன்பிடியில் தனிச்சிறப்பு. அந்தத் திருப்பத்தில் வேகம் குறையும். குறைந்த வேகத்திலும் கொலராடோவும் பிரெஞ்சுத் தகடும் சுழன்றுகொண்டே இருக்கும். பெரிய வில்லோ நின்று தொங்கிவிடும். துடித்து வந்த இரை, மீன் முடிவெடுக்கும் நொடியில் செத்துப்போனதாகிவிடும். வேகமாக இழுக்கவும், நடு ஆழத்தில் ஓட்டவும், தெளிந்த நீரில் ஒளி வெட்டவும் வில்லோ அருமையான தகடு. ஆனால் ஒரே ஒரு பக்டெயில் செய்யப்போகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரிய தகடு கையையும் தோளையும் ஒடிக்கிறது என்ற எதிர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு. இரட்டைப் பத்தாம் எண் தகட்டை நாள் முழுவதும் வீச எல்லோராலும் ஆகாது. பல் விகிதம் குறைந்த பெரிய ரீல் உதவும். எல்லோரிடமும் அது இருக்காது. எட்டாவது மணி நேரத்தில் கை சோர்ந்து வேகம் தளர்ந்தால் அந்தத் தகட்டின் பயன் அங்கேயே முடிகிறது. தகட்டை முதலில் யோசிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கைக்கும் ரீலுக்கும் ஏரிக்கும் பொருந்தும் இழுவை எது என்று தெரிந்தால் 8ஆம் எண் இரட்டையோ, ஒற்றை இந்தியானாவோ சரியான பதிலாக இருக்கலாம். முட்டையிட்டு முடித்த மீன் ஆழமில்லாத கரையோரத்தில் இருக்கும் பருவத் தொடக்கத்தில் சிறிய தகடே மேல். நீர் சூடேறிய பிறகு பெரியதை எடுத்தால் போதும்.

இந்தக் குளிர்காலத்தில் மேசை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயம் வாங்குவதற்கு முன்னால் நிக்கல் முலாம் மட்டும் பூசிய கொலராடோ, இந்தியானா, பிரெஞ்சு, வில்லோ தகடுகளை, எண்ணில் ஒத்த அளவாகப் பார்த்து வாங்குங்கள். நான்குக்கும் ஒரே கம்பி, ஒரே எடை, ஒரே அளவு கருப்பு மான்வால். பனி உருகியதும் தெளிந்த கரையோரத்தில் நான்கையும் அடுத்தடுத்து இழுத்துப் பார்த்து, எது எங்கே ஓடுகிறது, எந்த வேகத்தில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். சாயப் புட்டியை அந்தக் குறிப்பு கையில் இருக்கும்போது திறங்கள்.